சுக்கானின் பதினொரு பலகைகள்

என் வீட்டுக்காரர் இராசதுரை திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவர். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்க்கும் சிறிய இழுவைக் கப்பல் ஒன்றில் தளத்து ஆள். கயிறு எறிவது, கயிறு பிடிப்பது, கயிறு சுற்றுவது, மிச்ச நேரத்தில் தளம் கழுவுவது. இதைத் தவிர உலகத்தில் உருப்படியான வேலை வேறு இல்லை என்பது அவருடைய முடிவு. நான் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பதை அவர் இன்றுவரை ஒரு பொழுதுபோக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலும் மனுசன் கப்பலில்தான் இருந்தார். துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய மாடி வீட்டின் மேல்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரம்மாவின் சாமான்கள் பூட்டிக் கிடந்தன. மேலே முன்ஹோல், ஓர் அறை, பின்னால் சமைக்கக் குசினி, குசினிக்கு வெளியே பின்படிக்கட்டின் தலைப்பில் சின்னதாக ஒரு தட்டு. தரை முழுவதும் முதிரை மரப் பலகை. அந்தத் தரைக்காகத்தான் இவர் அந்த வீட்டை எடுத்தார். குசினிக் கூரை ஒழுகியது, கிணற்றுக் கப்பி உடைந்திருந்தது, அதெல்லாம் கண்ணில் படவில்லை. பலகையில் வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டு, "புஸ்பம், இது வீடில்லை, தளம்" என்றார். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இனி நாயின் கதை. தொண்ணூறாம் ஆண்டு இவருடைய அண்ணன் தம்பிராசா திரியாயிலிருந்து சண்டைக்குத் தப்பி, பெண்டு பிள்ளைகளோடும் நாயோடும் வந்து எங்களிடம் ஒன்பது நாள் நின்றார். பிறகு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனார். வள்ளத்தில் நாய்க்கு இடமில்லை. "நான் வரும்வரைக்கும் பார்த்துக்கொள் தம்பி" என்று கயிற்றை இவர் கையில் கொடுத்தார். இவரும் "ஓம் அண்ணை" என்றார். கபில நிறம், நீண்ட வால். நடக்கும்போது அந்த வால் இடமும் வலமுமாகத் திரும்பும். கப்பலைத் திருப்பும் சுக்கானைப்போல இருக்கிறது என்று இவர் அதற்குச் சுக்கான் என்று பெயர் வைத்தார். திரியாயில் அதற்கு இருந்த பெயரை நாய் இரண்டு நாளில் மறந்துவிட்டது.

மாதம் ஒரு தடவை மண்டபம் அகதி முகாமுக்கு அண்ணனுக்குக் கடிதம் போகும். ஊர்ப் புதினம், சனத்தின் சுகம், கூப்பன் அரிசியின் லட்சணம் எல்லாம் எழுதிக் கடைசி வரியாக எப்போதும் இரண்டு சொல்: "சுக்கான் சுகம்." அதை எழுதிய பிறகுதான் கடித உறையை ஒட்டுவார்.

சுக்கான் நல்ல பழக்கமுள்ள நாய். பகலில் வெளியே போய்வரும். வில்லங்கம் எல்லாம் ஆறு மணிக்குப் பிறகுதான். ஆறு மணிக்கு ஊரடங்குச் சட்டம். கீழ்க் கதவைப் பூட்டினால் விடியும்வரை திறக்கமுடியாது. அதுவரைக்கும் அடக்கிக்கொண்டு இருக்க அந்த வாயில்லாச் சீவனும் முயற்சி செய்யாமல் இல்லை. ஆனால் கப்பலுக்குக் குண்டு வைக்கச் சுழியோடிகள் யாரும் துறைமுகத்துக்குள் வந்துவிடக்கூடாது என்று கடற்படை தண்ணீருக்குள் வெடி போடும். அது காதில் கேட்பதற்கு முன்னம் உள்ளங்காலில் தெரியும். பலகை ஒருமுறை குலுங்கும், அலுமாரியில் பீங்கான் கிலுகிலுக்கும், சுக்கான் முன்ஹோலில் யன்னல் மூலைக்குப் போய் நின்று மூத்திரம் பெய்துவிடும். பெய்து முடித்துவிட்டு என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு யார்தான் அடிப்பது?

மூன்று வருடம் அதே மூலை. சாம்பல் போட்டேன், சுண்ணாம்பு போட்டேன், டெற்றோல் ஊற்றினேன். பலகை கறுத்துக்கொண்டே போனது. கடைசியில் நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். அந்த இடத்தில் றெக்சின் விரிப்பைப் போட்டு, மேலே அலுமாரியையும் நகர்த்திவிட்டேன். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா? மூத்திரம் றெக்சினுக்கு அடியில் போய்க் காய வழியில்லாமல் பலகைக்குள் ஊறியது. விஞ்ஞான ரீச்சர் செய்த வேலை இது.

தொண்ணூற்று மூன்று ஆவணியில் வீட்டுக்காரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. நஜ்முன் நிஸா, தோப்பூரில் இருப்பவர். அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். மகளுக்குத் தலைப்பிரசவம், கார்த்திகைக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள், மூதூர் லாஞ்சுப் படகை நம்பி அந்த நேரம் இருக்கமுடியாது, பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் முன்ஹோலில் மகளோடு இரண்டு மாதம் தங்கவேண்டும், நாங்கள் அறைக்குள் ஒதுங்கிக்கொள்ள ஏலுமா என்று கேட்டிருந்தார். சொந்த வீட்டுக்கு வர எங்களிடம் உத்தரவு கேட்ட அந்தப் பண்புக்கு என்ன மறுமொழி சொல்வது? வாருங்கள் என்று எழுதிவிட்டு, அலுமாரியை நகர்த்தி றெக்சினைத் தூக்கினேன். தூக்கிய கையாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

இவர் சிரித்தார்.

"இதுக்கே இந்தப் பாடு? முப்பத்தொரு வருசம் தளம் கழுவினனான் புஸ்பம். எண்ணெய், கரி, மீன் ரத்தம், வெள்ளைக்காரன் குடிச்சுப்போட்டு எடுத்த சத்தி எல்லாம் கழுவினனான். உவன்ரை மூத்திரம் எனக்கு ஒரு காரியமே?"

அடுத்த நாளிலிருந்து வேலையால் வரும்போது சைக்கிளில் இரண்டு கான் நிறையக் கடல் தண்ணீர். கிணறு முற்றத்திலேயே இருக்க எதற்குக் கடல் தண்ணீர் என்று நான் கேட்டேன்தான். கப்பல் தளத்தை யாராவது கிணற்றுத் தண்ணீரால் கழுவுவார்களா என்று திருப்பிக் கேட்டார். பலகையில் மணலைத் தூவி, தேங்காய்ப் பொச்சுமட்டையை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலில் நின்று, பாட்டும் பாடிக்கொண்டு தேய்த்தார். தண்ணீர் பலகை இடுக்கால் கீழே போய் ராத்தாவின் பூட்டிய அறைக்குள் சொட்டியது. கப்பலில் இப்படி ஒழுகாதே என்று ஆச்சரியப்பட்டார். பதினேழு நாள் இந்தத் திருவிழா நடந்தது. வாளி தூக்கிக் கொடுத்தது நான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம். பலகை மதியத்துக்குள் மொறுமொறு என்று காய்ந்தது. கறுப்பு பாதிக்கு மேல் போய்விட்டது, மணமும் இல்லை. இவர் மீசையை நீவிக்கொண்டு அக்கம்பக்கத்து ஆட்களைக் கூட்டிவந்து மூலையை மோந்து பார்க்கச் சொன்னார். வந்த சனமும் மரியாதைக்காகக் குனிந்து மோந்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனது.

ஐப்பசியில் மழை தொடங்கியது. மூன்றாம் நாள் காலையில் எழும்பி வந்தால் முன்ஹோல் தரை வியர்த்திருந்தது. மற்ற இடமெல்லாம் உலர்ந்திருக்க, அந்த மூலை மட்டும் ஈரப் பளபளப்பு. மணம் முன்னையதைவிட இரண்டு மடங்கு. சுக்கான் பெய்ததோ என்றால் அதுவும் இல்லை, வாசலில் நின்று தானும் மோந்து மோந்து பார்த்தது.

எங்கள் நல்ல காலத்துக்கு அன்றைக்குத்தான் ராத்தா இடம் பார்க்க வந்தார். மகளை ஊரில் விட்டுவிட்டுத் தனியே லாஞ்சில் வந்திருந்தார். படியேறி வந்தவர் மேலிருந்து மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டார்.

"இதென்ன மணம் ரீச்சர்?"

"நாய் ராத்தா" என்றேன். பொய் சொல்லி என்ன பயன்?

"பதினேழு தரம் கழுவினனான் தங்கச்சி. மண்ணும் போட்டுக் கழுவினனான்" என்றார் இவர்.

"கழுவினது சரி அண்ணன். எங்கட மார்க்க முறைக்கு நாய் பட்ட இடத்த ஏழு தரம் கழுவினாக் காணும், அதுல ஒரு தரம் மண் கலந்த தண்ணி. ஆனா அது போறதுக்குத்தானே கழுவுற? இது போகல்லியே." மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே வந்து மூலையைப் பார்த்தார். "நாயோட எனக்கு ஒரு கோவமும் இல்ல. அல்லாஹ் படைச்ச சீவன். ஆனா மகள் பச்சப்புள்ளயோட இஞ்ச படுக்கப் போறா, நான் இஞ்ச தொழ வேணும். தளம் துப்புரவா இரிக்கணும். அவன் திரும்பவும் இதுல பெய்யக் கூடாது. இது ரெண்டும் ஏலாதெண்டா நாய எங்கயாவது குடுத்திருங்க. ரெண்டு கிழமையில வாறன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் அவ்வளவு நியாயமாகச் சொன்னபடியால் நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன்.

அன்று இவர் பாதிச் சோற்றோடு எழும்பிவிட்டார். கப்பல்துறை என்ற ஊரில் ஒருவர் காவலுக்கு நாய் தேடுகிறார் என்று நான்தான் மெல்லச் சொன்னேன்.

"அங்கை சங்கிலியில கட்டிப் போடுவாங்கள்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு, "அண்ணை வந்து கேட்டால் நான் என்னத்தையப்பா சொல்லுறது?" என்றார். அது கடிதம் எழுதும் கிழமை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு எழுத்தும் எழுதவில்லை. கடைசி வரியை எழுதமுடியாதபடியால் முதல் வரியும் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில் முன்ஹோலுக்குப் போனால் இவர் அந்த மூலையில் குந்திக்கொண்டிருக்கிறார். வியர்த்த பலகையில் விரலைத் தொட்டார். தொட்ட விரலை நாக்கில் வைத்தார்.

"ஐயோ! என்னப்பா செய்யிறீங்கள்?"

"உப்பு" என்றார்.

"எந்த உப்பு?" என்று கேட்டேன். "கடல் உப்போ, நாயின்ரை உப்போ?"

அவர் தீவிரமாக யோசித்தார். இன்னொரு தடவை விரலை வைக்கப் போனார், நான் கையைப் பிடித்துவிட்டேன். அதற்குள் எனக்கும் மூளை வெளித்துவிட்டது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிற விசயம். கப்பல் தளம் எந்த நாளும் நனைந்து எந்த நாளும் காய்கிறது, அதில் உப்பு இருந்தால் என்ன, விட்டால் என்ன. வீட்டுப் பலகைக்குள் பதினேழு நாள் உப்பை ஊட்டி வைத்திருக்கிறோம். வெயிலுக்கு அது பேசாமல் கிடந்தது. மழைக்கால வாடைக் காற்று வந்ததும் ஈரத்தை இழுத்து, உள்ளே உறைந்து கிடந்த மூத்திரத்தையும் எழுப்பிவிட்டது.

"விஞ்ஞான ரீச்சர் பக்கத்தில நிண்டு வாளி தந்தவ" என்றார் இவர்.

"தளத்து ஆள் கேட்டவர், குடுத்தனான்" என்றேன்.

இரண்டு பேரும் அந்த நாற்றத்துக்கு நடுவே இருந்து வயிறு நோகச் சிரித்தோம். சுக்கானும் வந்து வாலை ஆட்டியது.

அன்றே இவர் லீவு போட்டார். அலவாங்கால் நெம்பிப் பலகைகளைக் கழற்றினோம். மேலே நான்கில் கறுப்பு, அடியில் பார்த்தால் பதினொன்றிலும். சீவினால் போகும் கறுப்பு அல்ல அது. உள்வரைக்கும் போயிருந்தது. தாங்குமரம் இரண்டிலும் மேல்தோல்தான் கறுத்திருந்தது. இவர் அதைச் சுரண்டினார். நான் வினாகிரி பூசினேன், பிறகு நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்தேன், பிறகு ஒரு சட்டி தணலைப் பக்கத்தில் வைத்து உலர்த்தினேன். இரண்டு நாளில் தாங்குமரத்தில் மூக்கை வைத்தால் மரம்தான் மணத்தது. அதன்மேல் இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து மூடினார்.

பலகைக்கு எங்கே போவது? அந்த நாளில் மரம் வாங்குவது லேசான காரியம் இல்லை. துறைமுகத்தில் கழித்து ஒதுக்கிய பழைய படகு ஒன்று கரையில் கிடந்தது. களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்த சிவபாதம் என்பவர், தேவையானதைக் கழற்றிக்கொள்ளச் சொல்லி அனுமதித் துண்டும் எழுதித் தந்தார். வெளித்தளம் வேண்டாம், அது கடலில் ஊறியது, உள்ளறைப் படுக்கைத் தேக்குப் பலகையைத்தான் எடுக்கவேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். இவர் என் சொல்லை அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டார். ஒவ்வொரு பலகையாக நக்கிப் பார்த்து, உப்பில்லாததை ஒரு பக்கமும் உப்புள்ளதை மற்றப் பக்கமும் அடுக்கியிருக்கிறார். சிவபாதம் அடுத்த நாள் சந்தையில் என்னைக் கண்டு, "அண்ணருக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

பலகையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும்போது நானும் கூடப் போனேன். இவருடைய வாயை நம்பித் தனியே விட எனக்குப் பயம். சுக்கானும் கூட வந்தது. இராணுவச் சென்றியில் மறித்தார்கள். பதினொரு பலகை எதற்கு என்று கேட்டான் ஒரு பொடியன், இருபது வயது இருக்கும், முகம் சிரிக்கவே இல்லை. துண்டைக் காட்டினோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இவருக்குத் தெரிந்த சிங்களம் துறைமுகச் சிங்களம். நாயைக் காட்டினார், பலகையைக் காட்டினார், கடைசியில், "பல்லா சூ, மாத்தயா. கெதர, பல்லா சூ" என்றார். நாய், மூத்திரம், ஐயா, வீடு. இவ்வளவுதான் அவருக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சுக்கான் போய்ச் சென்றியின் மண்மூட்டையில் காலைத் தூக்கியது. என் உயிர் ஒருமுறை போய் வந்தது. பொடியன் நாயைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், பிறகு துவக்கைப் பிடித்துக்கொண்டே குனிந்து குனிந்து சிரித்தான். உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்வரை பின்னால் சிரிப்புக் கேட்டது.

தேக்கைச் சீவி, அளவு பார்த்து அறுத்து, பழைய ஆணிகளையே நிமிர்த்தி அடித்தார். இடுக்குகளுக்குள் பஞ்சை அடைத்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார், படகுக்குச் செய்கிற மாதிரி. இதில் மட்டும் கப்பல்காரரின் மூளை சரியாக வேலை செய்தது, இனி ஒரு சொட்டும் கீழே போகாது. முதிரை மஞ்சளுக்கு நடுவே தேக்கு கொஞ்சம் சிவந்து தெரிந்தது. எனக்கு அது வடிவாகவே பட்டது.

வேலை முடிய மணி ஐந்தே முக்கால். பழைய பலகைகளைக் கீழே கொண்டுபோய் எறிய நேரமில்லை. குசினிக்கு வெளியே பின்படித் தட்டில் அடுக்கிவிட்டுக் கதவுகளைப் பூட்டினோம். ராத்தா கேட்டதில் பாதி முடிந்துவிட்டது. மற்றப் பாதிக்கு எங்களிடம் ஒரு வழியும் இருக்கவில்லை. நாயை அறைக்குள் பூட்டினால் அறைக்குள் பெய்யும். அன்றைக்கு வெடி இரண்டு தடவை போட்டார்கள். இவர் பாயில் எழும்பி இருந்து, தலையில் கையை வைத்துக்கொண்டார்.

விடிந்தும் விடியாததுமாக இவர் முன்ஹோலுக்கு ஓடினார், நான் விளக்கோடு பின்னால் போனேன். தேக்கு காய்ந்து கிடந்தது. யன்னல் மூலை முழுக்கத் தேடினோம், ஒன்றும் இல்லை. அறையில் இல்லை. குசினியில் இல்லை. பின்கதவைத் திறந்து பார்த்தேன். அடுக்கிய பழைய பலகைகள் நனைந்திருந்தன. குசினிப் பின்கதவின் கீழ்ப்பலகை உடைந்து ஒரு பொந்து இருந்தது. அதற்குள்ளால் போய், தன் பலகையைத் தேடிப் பிடித்துப் பெய்துவிட்டு வந்து படுத்திருக்கிறது. மூன்று வருடமாக அது யன்னல் மூலையைத் தேடவில்லை, தன் மணம் இருந்த இடத்தைத்தான் தேடியிருக்கிறது.

இவர் சுக்கானைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஒரு சுற்று ஆடினார். ஐம்பத்தாறு வயது மனுசன். அன்றைக்கே அந்தப் பதினொரு பலகையையும் அறுத்து, பின்படித் தட்டில் சரிவாக அடித்து, ஓரத்தில் வழிந்து போகத் தகரப் பீலியும் வைத்தார். அதைக் கழுவக் கடல் தண்ணீர் கொண்டுவரலாமா என்று கேட்டார். தாராளமாகக் கொண்டுவரலாம் என்றேன்.

ராத்தா சொன்ன நாளில் மகளோடு வந்து இறங்கினார். முதலில் மூக்கால் பார்த்தார், பிறகு குனிந்து கையால் தடவினார். "இந்தப் பலகை புதுசு, இதுக்கு ஒண்டும் வேணாம்" என்றார். சுற்றியிருந்த பழைய முதிரைப் பலகைகளைத் தானே முழங்காலில் இருந்து கழுவினார். ஒரு சிரட்டை மண் கலந்த தண்ணீரால் ஒரு தரம், நல்ல தண்ணீரால் ஆறு தரம். இந்த முறை வாளி தூக்கியவர் இவர். கப்பலில் கயிறு இழுக்கும்போது எண்ணுவதுபோல வீடு அதிர ஒன்று, இரண்டு என்று எண்ணினார். வயிற்றுப் பிள்ளைக்காரி சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்துவிட்டாள்.

பின்னேரம் போய் விளக்கு வைத்த பிறகு ராத்தா தொழுகைப் பாயை விரித்தார். சரியாக அந்தத் தேக்குப் பலகையின் மேல்தான் விரித்தார். யன்னல் காற்று நன்றாக வரும் இடம் அது. நாங்கள் குசினியில் இருந்தோம். சுக்கான் இவருடைய காலடியில். ராத்தா தொழுதுகொண்டிருக்கும்போதே பலகை ஒருமுறை குலுங்கியது. அலுமாரியில் பீங்கான் கிலுகிலுத்தது.

சுக்கான் எழும்பியது. முன்ஹோல் வாசலுக்குப் போய் நின்று பழைய மூலையைப் பார்த்தது. இவர் என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் என் காப்பு நசுங்கியது. கூப்பிடவும் ஏலாது, தொழுகைக்கு இடைஞ்சல். வால் இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது. பிறகு நாய் மெல்லத் திரும்பி, எங்களைத் தாண்டி, கதவுப் பொந்தால் வெளியே போனது. பீலியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ராத்தா சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துப் பாயைச் சுருட்டினார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அண்ணன், அவன் போயிட்டு வந்திட்டானா?"

"ஓம் தங்கச்சி, வந்திட்டான்" என்றார் இவர். உடனே அலுமாரியைத் திறந்து, இரண்டு கிழமையாக வெறுமையாகக் கிடந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு விளக்கடிக்கு வந்தார். மற்றப் புதினங்களுக்கெல்லாம் மேலே நிறைய இடம் விட்டுவிட்டு, கடைசி வரியை முதலில் எழுதினார்.